ஐபிஎம் ஐ கணினியில் ஸீலிப் சுருக்க நூலகத்தை மூலநிரலிலிருந்து நிறுவியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு நிறுவனத்தின் முக்கியக் கணக்குகள் எல்லாம் ஐபிஎம் ஐ இயங்குதளத்தில் ஓடுகின்றன. 1988-ல் ஏஎஸ்/400 என்று அறிமுகமாகி, பல பெயர்கள் மாறி, 2008-லிருந்து ஐபிஎம் ஐ என்று அழைக்கப்படுகிற அந்த நடுத்தர வகைக் கணினிதான். நிரல்கள் பெரும்பாலும் ஆர்பிஜி மொழியில் எழுதப்பட்டவை. ஒரே இயந்திரத்துக்குள் தனிக் கணினிபோல ஓடும் பகுதிக்கு பார்டிஷன் என்று பெயர். நிரல் உருவாக்கத்துக்கு ஒரு பார்டிஷன் (ரிலீஸ் 7.4), உற்பத்தி என்று சொல்லப்படும் உண்மையான வேலைக்கு இன்னொன்று (ரிலீஸ் 7.3).

இரவு நேர ஜாப் (கணினியில் ஓடும் பணி) ஒன்று பரிவர்த்தனைகளைத் திரட்டி வெளி நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பி வந்தது. பெறுகிற தரப்பு ஜிஸிப் என்ற சுருக்கிய கோப்பு வடிவத்தில்தான் வாங்கும். அதனால் கோப்பை முதலில் வேறொரு சர்வருக்கு நகர்த்தி, அங்கே சுருக்கி, பிறகு அனுப்புவது வழக்கமாக இருந்தது. 2021-ல் அந்த இடைச் சர்வரை நிறுத்தப்போவதாக முடிவானது. கூடவே, பகல் நேரத்தில் சின்னச் சின்னச் செய்திகளையும் சுருக்கி அனுப்ப வேண்டும் என்ற புதிய தேவையும் வந்தது. இந்த வேலை ஒரு மூத்த ஆர்பிஜி நிரலாளர், அண்மையில் சேர்ந்த ஒரு நிரலாளர், ஒரு கணினி நிர்வாகி ஆகிய மூவரிடம் வந்து சேர்ந்தது.

எந்த வழி, ஏன்

முன்னால் இருந்த வழிகள் மூன்று. முதலாவது, பேஸ் என்ற ஏஐஎக்ஸ் சூழலில் ஜிஸிப் நிரலை நிறுவி, அதை ஆர்பிஜியிலிருந்து ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) வழியாக அழைப்பது. இரவில் ஒரே ஒரு கோப்பு என்றால் இதுவே போதும், இதைவிட எளிய வழி கிடையாது. ஆனால் பகலில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு ஷெல்லைத் தொடங்கி, தற்காலிகக் கோப்பில் எழுதி, திரும்பப் படிப்பது என்பது ஆயிரக்கணக்கான தடவை நடக்கும்போது தாங்காது. இரண்டாவது, இயங்குதளத்திலேயே இருக்கிற காப்பகக் கட்டளை. அது ஸிப் வடிவத்தைத் தரும், இவர்களுக்கு வேண்டியது ஜிஸிப். மூன்றாவது, ஸீலிப் நூலகத்தை, ஆர்பிஜி நிரல்கள் ஓடும் ஐஎல்இ சூழலுக்கே கம்பைல் செய்து (மூலநிரலை இயங்கும் நிரலாக மாற்றி), ஆர்பிஜி நிரல் நினைவகத்திலிருந்து நினைவகத்துக்கு நேராகச் சுருக்கும்படி செய்வது.

மூன்றாவதையே எடுத்தார்கள். ழான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் எழுதி 1995-லிருந்து புழங்கிவரும் நூலகம் அது. அதன் மூலநிரல் பொதியிலேயே ஓஎஸ்400 என்று ஒரு அடைவு இருக்கிறது. கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட், பைண்டர் மூலக் கோப்பு (வெளியிலிருந்து அழைக்கக்கூடிய செயல்கூறுகளின் பட்டியல்), அவற்றை ஆர்பிஜியில் அழைப்பதற்கான முன்வடிவுகள், வழிகாட்டிக் குறிப்பு எல்லாம் அதற்குள் உண்டு. யாரோ ஒருவர் இந்தக் கணினியை நினைத்துப் பார்த்து இந்த வேலையைச் செய்து வைத்திருக்கிறார் என்பதே குழுவுக்குப் பெரிய தைரியம்.

நிர்வாகி முதலில் பார்த்தது சி கம்பைலர் இருக்கிறதா என்பதை. 5770-டபிள்யூடிஎஸ் என்ற உரிமப் பொதிக்குள் அது தனி விருப்பத் தேர்வு. ஆர்பிஜி மட்டும் எழுதும் இடங்களில் அது நிறுவப்படாமலே இருப்பது சாதாரணம். இங்கே உருவாக்க பார்டிஷனில் இருந்தது, உற்பத்தியில் இல்லை. ஆகவே உருவாக்கத்தில் கட்டி, பொருள்களை (கட்டி முடித்த நிரல் வடிவங்களை) மட்டும் சேமித்து எடுத்துப்போய் உற்பத்தியில் மீட்பது என்று முடிவு செய்தார்கள். உற்பத்தி ஒரு ரிலீஸ் பின்னால் இருப்பதால், கட்டும்போதே இலக்கு ரிலீஸை 7.3 என்று வைக்க வேண்டும் என்பதையும் அன்றே எழுதி வைத்துவிட்டார்கள்.

மூலநிரல் வந்து சேர்ந்ததும் கண்டதும்

அப்போதைய பதிப்பு 1.2.11. அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து இறக்கி, கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் எஸ்ஹெச்ஏ-256 மதிப்பைச் சரிபார்த்தார்கள். கணினியில் ஜிஸிப்பைப் பிரிக்க வசதி இல்லாததால், மேசைக் கணினியில் ஜிஸிப் உறையை மட்டும் கழற்றி, உள்ளே இருந்த டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) எஃப்டிபி வழியாக பைனரி முறையில், அதாவது பைட்டுகளை மாற்றாமல் அனுப்பி, ஐபிஎம் ஐ-யின் ஷெல்லான கியூஷெல்லுக்குள் பிரித்தார்கள்.

ஸ்கிரிப்டை ஓடவிட்டதும் கட்டளை கிடைக்கவில்லை என்ற செய்தி வந்தது. அந்தச் செய்தியில் கட்டளையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள்.

காரணத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கணினியின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். இதன் தாய்க் குறியேற்றம், அதாவது எழுத்துகளை பைட்டுகளாகக் குறிக்கும் முறை, எப்சிடிக்; மற்ற கணினிகளில் புழங்கும் ஆஸ்கி அல்ல. ஐஎஃப்எஸ் என்ற அடைவு அமைப்பில் இருக்கும் கோப்பு ஒவ்வொன்றோடும் சிசிஎஸ்ஐடி என்று ஒரு எண் ஒட்டியிருக்கும். உள்ளே இருக்கிற பைட்டுகளை எந்தக் குறியேற்றமாகப் படிப்பது என்று அந்த எண் சொல்கிறது. 37 என்றால் எப்சிடிக், 819 என்றால் ஆஸ்கியை உள்ளடக்கிய லத்தீன்-1, 1208 என்றால் யூடிஎஃப்-8. பிரித்தெடுத்த கோப்புகள் எல்லாவற்றிலும் 37 ஒட்டியிருந்தது, ஏனென்றால் ஜாபின் சிசிஎஸ்ஐடி 37. உள்ளே இருந்ததோ சுத்தமான ஆஸ்கி. வரி முடிவைக்கூட ஷெல்லால் அடையாளம் காண முடியவில்லை.

இங்கே ஒரு விவாதம் நடந்தது. கோப்புகளை எல்லாம் எப்சிடிக்காக மாற்றிவிடலாம் என்றார் மூத்தவர். பழைய பழக்கம் அது, தவறும் இல்லை. உள்ளடக்கத்தைத் தொடாமல் ஒட்டியிருக்கிற எண்ணை மட்டும் 819 என்று திருத்தலாம் என்றார் இளையவர். இரண்டாவதையே செய்தார்கள். பண்பு மாற்றும் கட்டளையை, உள்ளடைவுகள் அனைத்துக்கும் என்ற தேர்வோடு கொடுத்தால் போதும். அது எண்ணை மட்டும் மாற்றும், பைட்டுகளைத் தொடாது. ஸ்ட்ரீம் கோப்பிலிருந்து கம்பைல் செய்யும்போது சி கம்பைலர் அந்த எண்ணைப் பார்த்துத் தானே மாற்றிக்கொள்ளும். இதில் இன்னொரு பெரிய பயன், மூலநிரல் வெளியீட்டாளர் கொடுத்தபடி பைட்டுக்குப் பைட் அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பு வரும்போது எது மாறியது என்று ஒப்பிட முடியும். என் பார்வையில் முழு வேலையிலும் மிகச் சரியான முடிவுகளில் இது ஒன்று.

ஸ்கிரிப்டைத் திருத்திக் கட்டியது

ஸ்கிரிப்டின் தலைப்பகுதியில் இலக்கு லைப்ரரியின் (இந்தக் கணினியில் பொருள்களை வைக்கும் இடம், ஸீலிப் நூலகம் அல்ல) பெயர், ஐஎஃப்எஸ் அடைவு, இலக்கு சிசிஎஸ்ஐடி, பிழைதிருத்தத் தகவல், ஆப்டிமைஸ் அளவு, இலக்கு ரிலீஸ் ஆகியவை மாறிகளாக இருக்கின்றன. இலக்கு ரிலீஸாக எழுதியிருந்தது 6.1. இயங்குதளம் 7.4-ல் அவ்வளவு பின்னால் போய்க் கம்பைல் செய்ய முடியாது. அதை 7.3 ஆக்கினார்கள். இலக்கு சிசிஎஸ்ஐடி 500 என்றிருந்தது 37 ஆனது. 500-க்கும் 37-க்கும் எழுத்துகளிலும் எண்களிலும் வேறுபாடு இல்லை, சதுர அடைப்புக்குறி போன்ற சில குறிகளில்தான் வேறுபாடு. பிழைச் செய்திகள் பதிவேட்டில் ஒழுங்காகத் தெரியட்டும் என்பதே நோக்கம்.

இளையவர் இந்தத் திருத்தத்தை மேசைக் கணினியின் எடிட்டரில் செய்து சேமித்ததில், ஒவ்வொரு வரி முடிவிலும் கேரேஜ் ரிட்டர்ன் என்ற கூடுதல் வரிமுடிவுக் குறி ஒன்று சேர்ந்துகொண்டது. லைப்ரரியின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டியபடி கட்டளை போய், பெயர் செல்லாது என்று கணினி திருப்பி அனுப்பியது. வழிகாட்டிக் குறிப்பு சொல்வதுபோல ஐபிஎம் ஐ கணினியிலேயே ஈடிடிஎஃப் என்ற எடிட்டர் கட்டளை கொண்டு திருத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அப்படியே செய்தார்கள்.

அதன் பிறகு கம்பைல் தடையில்லாமல் முடிந்தது. மாட்யூல்கள், ஒரு சர்வீஸ் புரோகிராம் (பல நிரல்கள் பகிர்ந்து அழைக்கும் பொருள்), நிலையான இணைப்புக்கு (நூலகத்தை நிரலுக்குள்ளேயே நகலெடுப்பது) ஒன்றும் இயங்குநிலை இணைப்புக்கு (ஓடும்போது சர்வீஸ் புரோகிராமை அழைப்பது) ஒன்றுமாக இரண்டு பைண்டிங் டைரக்டரிகள், தலைப்புக் கோப்புகள், ஆர்பிஜி முன்வடிவுகள் அடங்கிய காப்பி மெம்பர் எல்லாம் உருவாயின.

எந்த இணைப்பைப் பயன்படுத்துவது என்பதில் மூத்தவர் உறுதியாக இருந்தார்: இயங்குநிலை இணைப்புதான். நிலையாக இணைத்தால் நூலகத்தில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிவரும்போது அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலையும் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். சர்வீஸ் புரோகிராம் என்றால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். அது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. நிரல்கள் கட்டப்பட்டபோது பதிந்த கையொப்பம் (சர்வீஸ் புரோகிராமின் செயல்கூறு பட்டியலை அடையாளம் காட்டும் மதிப்பு), புதிய சர்வீஸ் புரோகிராமிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எம்சிஹெச்4431 என்ற பிழையோடு நிரல் தொடங்கவே தொடங்காது. ஸீலிப்பின் பைண்டர் மூலக் கோப்பு கையொப்பத்தை நிலையான ஒரு சொல்லாகவே வைத்திருக்கிறது, புதிய பதிப்பின் செயல்கூறுகளைப் பட்டியலின் கடைசியில் மட்டுமே சேர்க்கிறது. இந்த வரிசை உயிர் போன்றது. ஐஎல்இ சூழலில் செயல்கூறு அழைக்கப்படுவது பட்டியலில் அதன் இடத்தை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல. கையொப்பத்தை மாற்றாமல் அகர வரிசைக்கு அடுக்கலாமே என்று யாராவது நினைத்துவிட்டால், பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான செயல்கூறு ஓடும். அதனால் பைண்டர் மூலக் கோப்பை யாரும் தொடக் கூடாது என்று குழு எழுதி வைத்தது.

சோதனை: இங்கேதான் உண்மையான வேலை

முதல் சோதனையை இளையவர் நன்றாக யோசித்து அமைத்தார். ஒன்று முதல் ஒன்பது வரையிலான ஒன்பது எண்களுக்கு சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு மதிப்பு சிபிஎஃப்43926 என்று எங்கும் அறியப்பட்டது (இதுவும் இனி வரும் பைட் மதிப்புகளும் பதினாறடிமான எண்கள்). ஆர்பிஜியில் அந்த எண்களைச் சாதாரண எழுத்து மாறியில் வைத்துக் கணக்கிட்டபோது வேறு மதிப்பு வந்தது. எண்களை 31, 32, 33 என்று ஆஸ்கி பைட்டுகளாகக் கொடுத்தபோது சரியான மதிப்பு வந்தது. எப்சிடிக்கில் அந்த எண்கள் எஃப்1, எஃப்2, எஃப்3 என்று போகும். ஆக நூலகம் சரியாக இருக்கிறது, அது பைட்டுகளை மட்டுமே பார்க்கிறது என்பது தெளிவானது. இந்தச் சின்னச் சோதனை பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் திறவுகோலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் நூலகம் சரி என்ற பாதியை மட்டும் குறித்துக்கொண்டு எல்லாரும் அடுத்த வேலைக்குப் போனார்கள்.

அடுத்து வடிவம். ஆர்பிஜியில் அழைக்க மிக எளியது, மொத்தமாக ஒரே தடவையில் சுருக்கித் தரும் செயல்கூறு. அதைப் பயன்படுத்தி அனுப்பிய கோப்பை இது ஜிஸிப் இல்லை என்று பெறுகிற தரப்பு திருப்பியது. அவர்கள் சொன்னது சரி. அந்தச் செயல்கூறு தருவது ஆர்எஃப்சி 1950 என்ற இணைய வரையறை ஆவணத்தில் வரையறுத்த ஸீலிப் வடிவம். வழக்கமான அமைப்பில் அது 78, 9சி என்று தொடங்கி ஆட்லர்-32 என்ற சரிபார்ப்பு மதிப்போடு முடியும். ஜிஸிப் என்பது ஆர்எஃப்சி 1952: 1எஃப், 8பி என்று தொடங்கும், முடிவில் சிஆர்சி-32-உம் மூல நீளமும் இருக்கும். இரண்டுக்கும் உள்ளே இருக்கிற, டிஃப்ளேட் முறையில் சுருக்கிய தரவு ஒன்றேதான். ஜிஸிப் உறை வேண்டுமென்றால், தொடக்கச் செயல்கூறின் இரண்டாம் வடிவத்தை அழைத்து, சாளர அளவான 15-ஓடு 16-ஐக் கூட்டி 31 என்று கொடுக்க வேண்டும்.

சரி என்று அதையும் மாற்றி அனுப்பினார்கள். இந்தத் தடவை பெறுகிற தரப்பிலிருந்து வந்த பதில்: "கோப்பு பிழையில்லாமல் திறக்கிறது. ஆனால் உள்ளே ஒரு எழுத்தும் படிக்கிற மாதிரி இல்லை."

இந்த நிகழ்வில் நான் அதிகம் நிறுத்திப் பார்க்க விரும்புவது இந்த இடத்தைத்தான். சுருக்கம் சரி, விரிப்பு சரி, சிஆர்சி பொருந்துகிறது, நீளம் பொருந்துகிறது. இயந்திரம் சொல்கிற எல்லா அடையாளமும் வெற்றி என்கிறது. ஆனால் உள்ளே போனது எப்சிடிக், அதனால் வெளியே வந்ததும் எப்சிடிக். சுருக்க நூலகத்தின் கடமையே கொடுத்த பைட்டுகளைப் பிசகாமல் திருப்பித் தருவதுதான். தவறான பைட்டுகளையும் அது அதே விசுவாசத்தோடு பாதுகாக்கும். வழிகாட்டிக் குறிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது: குறியேற்ற மாற்றத்தை இந்த நூலகம் செய்யாது, வேண்டுமென்றால் நீங்களே செய்துகொள்ள வேண்டும். முன்பு இடைச் சர்வருக்குக் கோப்பு நகர்ந்தபோது எஃப்டிபி எழுத்து முறையில் போனதால், மாற்றம் வழியிலேயே தானாக நடந்து வந்திருக்கிறது. அந்தச் சர்வர் சுருக்குவதோடு இன்னொரு வேலையையும் மறைவாகத் தாங்கிக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியாது. பழைய ஏற்பாடு எதையாவது அகற்றும்போது, அது செய்வதாக நாம் நினைக்கிறதை மட்டும் அல்லாமல், அதன் வழியாகப் போகும்போது தரவுக்கு என்னவெல்லாம் நேர்கிறது என்று இரு முனையிலும் பைட் நிலையில் ஒப்பிட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன்.

தீர்வாக, சுருக்குவதற்கு முன் பதிவுகளை யூடிஎஃப்-8 ஆக மாற்றும் படி ஒன்றைச் சேர்த்தார்கள். எழுத்துகள் வந்துவிட்டன. ஆனால் கோப்பு முழுவதும் ஒரே வரியாக வந்தது. ஆர்பிஜி நிரல் வரி முடிவாக 15 என்ற பைட்டைச் சேர்த்துக்கொண்டிருந்தது. எப்சிடிக்கில் புதுவரிக்கு இரண்டு பைட்டுகள் புழக்கத்தில் உண்டு: 15, 25. வழக்கமான மாற்று அட்டவணையில் 25 மட்டும்தான் மற்ற கணினிகள் எதிர்பார்க்கிற 0ஏ ஆகும். 15 என்பது லத்தீன்-1-ல் 85 ஆகவும், யூடிஎஃப்-8-ல் சி2, 85 என்ற இரட்டை பைட்டாகவும் போய்விடும். நிரலில் அந்த ஒரு மாறிலியை 25 ஆக்கியதும் வரிகள் சரியாகப் பிரிந்தன.

அப்புறம் வந்தது இதற்கு நேர் எதிரான சிக்கல். வெளியே போகிற எல்லாச் சரங்களும் யூடிஎஃப்-8 என்று முடிவானதால், பகல் நேர நிரலில் இளையவர் எழுத்து மாறிகள் எல்லாவற்றையும் அப்படியே அறிவித்தார். தொடக்கச் செயல்கூறு உடனே -6 என்று திருப்பியது. பதிப்பு பொருந்தவில்லை என்பது அதன் பொருள். சி மொழியில் தொடக்கச் செயல்கூறு என்று நாம் எழுதுவது உண்மையில் ஒரு மேக்ரோ. பதிப்புச் சரத்தையும் ஸ்ட்ரீம் கட்டமைப்பின் அளவையும் அது தானே சேர்த்து, பெயரின் கடைசியில் அடிக்கோடு இருக்கிற உண்மையான செயல்கூறை அழைக்கும். ஆர்பிஜியில் மேக்ரோ இல்லை, அந்த இரண்டையும் நாமே கொடுக்க வேண்டும். நூலகம் பதிப்புச் சரத்தின் முதல் எழுத்தைத் தன்னுடையதோடு ஒப்பிடும். நூலகத்துக்குள் அது எப்சிடிக் எஃப்1, நிரல் கொடுத்தது 31. பதிப்பு எண்ணுக்கு மட்டும் சாதாரண எப்சிடிக் மாறிலியைக் கொடுத்ததும் சரியானது.

இதே -6, கட்டமைப்பின் அளவு பொருந்தாவிட்டாலும் வரும். ஐஎல்இ சூழலில் ஒரு சுட்டிக்கு 16 பைட், அதன் இருப்பிடமும் 16-ன் மடங்காக இருக்க வேண்டும். அதனால் வேறு கணினிகளுக்கான கட்டமைப்பைப் பார்த்துக் கையால் எழுதிய வரையறைகளை நம்ப முடியாது. பொதியோடு வந்த காப்பி மெம்பரிலிருந்தே தொடங்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

உற்பத்திக்குப் போனது

சேமித்து, மாற்றி, மீட்டது எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தது. லைப்ரரியின் உரிமையாளராகத் தனிப் பயனர் ஒன்றை வைத்து, மற்றவர்களுக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் கொடுத்தார்கள். பழைய வழியையும் புதிய வழியையும் சிறிது காலம் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, விரித்த கோப்புகளின் எஸ்ஹெச்ஏ-256 மதிப்புகளை ஒப்பிட்டார்கள். அவை ஒத்துப்போன பிறகே இடைச் சர்வரை நிறுத்தினார்கள். சுருக்கிய கோப்புகளை நேராக ஒப்பிடவில்லை. ஜிஸிப் தலைப்பில் நேரமும் இயங்குதளக் குறியும் இருப்பதாலும், சுருக்க அளவைப் பொறுத்து உள்ளடக்கம் மாறுவதாலும், அவை வேறுபடுவது இயல்பு.

நினைவகம் பற்றியும் கணக்குப் போட்டார்கள். வழக்கமான அமைப்பில் சுருக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரீமுக்கும் ஏறத்தாழ 256 கிலோபைட் தேவை, விரிப்பதற்கு அதைவிட மிகக் குறைவு. பகல் நேர ஜாபுகளின் எண்ணிக்கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த ஆண்டு

2022 மார்ச்சில் 1.2.12 வெளியானது. பொதுப் பாதுகாப்புக் குறைப் பட்டியலான சிவிஇ-யில் சிவிஇ-2018-25032 என்று பதிவான, சுருக்கும்போது நினைவகம் சிதையக்கூடிய ஒரு பழைய குறைக்கு அதில் திருத்தம் இருந்தது. இயங்குதளத்தின் பகுதிகளுக்கு ஐபிஎம் திருத்தம் அனுப்பும். தாங்களே மூலநிரலிலிருந்து கட்டிய நூலகத்துக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள். நிர்வாகி ஸீலிப் அறிவிப்புகளைக் கவனித்து வந்ததால்தான் இது கண்ணில் பட்டது.

முந்தைய முடிவுகளின் பலன் அப்போது கிடைத்தது. மூலநிரல் தொடப்படாமல் இருந்ததால், ஸ்கிரிப்டின் தலைப்பகுதி மாற்றங்களை மட்டும் புதிய பதிப்பில் இட்டுக் கட்டினார்கள். கையொப்பம் அதேதான், ஆகவே எந்த ஆர்பிஜி நிரலையும் மறுபடி கட்டவில்லை.

ஒன்று மட்டும் கவனத்தைக் கேட்டது. உருவாக்க பார்டிஷனில் புதிய சர்வீஸ் புரோகிராம் உருவான பிறகும், பகல் நேர ஜாப் ஒன்று பதிப்பு எண்ணைக் கேட்டால் 1.2.11 என்றே சொல்லிக்கொண்டிருந்தது. பழைய பொருளைப் பதிலீடு செய்து கட்டும்போது கணினி அதை அழிப்பதில்லை, கியூஆர்பிஎல்ஓபிஜே என்ற லைப்ரரிக்கு நகர்த்துகிறது. ஏற்கெனவே அதைத் திறந்து வைத்திருக்கிற ஜாபுகள் முடியும்வரை பழையதையே பயன்படுத்தும். நாள் முழுவதும் ஓடும் ஜாபுகள் உள்ள இடத்தில், திருத்தம் நிறுவப்பட்டது என்பதும் திருத்தம் ஓடுகிறது என்பதும் வேறு வேறு. உற்பத்தியில் அந்த ஜாபுகளை ஓர் அமைதியான நேரத்தில் நிறுத்தி, புதிய பொருளை மீட்டு, மறுபடி தொடங்கினார்கள். தொடங்கும்போதே நூலகத்தின் பதிப்பு எண்ணை ஜாப் பதிவேட்டில் எழுதும் ஒரு வரியையும் நிரல்களில் சேர்த்தார்கள். அக்டோபரில் 1.2.13 வந்தபோது இதே நடைமுறை எந்தத் திருப்பமும் இல்லாமல் ஓடியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

குழு தன் குறிப்பில் எழுதியவற்றில் முதலாவது, சோதனையின் வரிசை. நூலகம் சரியா என்பதற்கு முன்னால், பெறுகிற தரப்பு எதிர்பார்க்கிற கோப்பு ஒன்றை வாங்கி, அதன் முதல் சில பைட்டுகள், குறியேற்றம், வரி முடிவு மூன்றையும் எழுதி வைத்துவிட வேண்டும். அதைச் செய்திருந்தால் மூன்று தடவை வெளியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத் தங்கள் மேசையிலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

இரண்டாவது, சிஆர்சி சோதனையின் இரு விடைகளும் இப்போது நிரந்தரச் சோதனையாக இருக்கின்றன. ஆஸ்கி பைட்டுகளுக்கு வரும் மதிப்பும் எப்சிடிக் எழுத்துகளுக்கு வரும் மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும், ஏன் வேறுபடுகின்றன என்ற விளக்கத்தோடு. புதிதாகச் சேர்பவருக்கு முதலில் காட்டுவது இதைத்தான்.

மூன்றாவது இன்னும் முடியவில்லை. வெளியிலிருந்து வருகிற சுருக்கிய செய்திகளை விரிக்கும் நிரல், விரிந்த அளவுக்கு ஒரு மேல்வரம்பு வைக்கவில்லை. டிஃப்ளேட் முறையில் தரவு ஆயிரம் மடங்குக்குச் சற்று மேல்வரை விரியலாம், சிறிய செய்தி ஒன்று பெரிய இடத்தைக் கேட்க முடியும். வரம்பைத் தாண்டினால் செய்தியை ஒதுக்கி வைக்கும்படி அந்த நிரலை மாற்றும் வேலை இப்போது இளைய நிரலாளரிடம் இருக்கிறது.